மூலிகையும் வீக்கமும்: பினாங்கு மருந்துக்கடை மேசையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஜார்ஜ் டவுனில், லிட்டில் இந்தியாவிலிருந்து நடந்தே போய்விடக்கூடிய ஒரு மருந்துக்கடையில் 22 ஆண்டுகள் பார்மசிஸ்டாக இருந்தேன். லெபோ பாசாரில் மளிகை வாங்கிவிட்டு, ஒரு கையில் மஞ்சள் கிழங்கும் மறு கையில் டாக்டர் சீட்டுமாக வருகிறவர்கள்தான் என் ஆட்கள். வேலையை விட்ட பிறகும் தண்ணீர்மலைக் கோயில் படியில் நிறுத்தி அதே கேள்விகளைக் கேட்கிறார்கள். ஒரே பதிலை நூறு தடவை சொல்வதற்கு எழுதி வைத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை விட்டிருக்கிறேன். மேலிருந்து படித்துக்கொண்டு வந்தால் நல்லது, ஏனென்றால் முன்னால் சொன்னதைப் பின்னால் மறுபடி சொல்லவில்லை.

அழற்சி அழற்சின்னு எழுதுறாங்களே, அது வீக்கம்தானே அக்கா?

வீக்கம் அதில் ஒரு பங்கு. காலில் ஆணி குத்தினால் அந்த இடம் சிவக்கும், சுடும், வீங்கும், வலிக்கும். இந்த நான்கையும் ரோமாபுரியில் செல்சஸ் என்பவர் ஏறக்குறைய 2,000 ஆண்டுகளுக்கு முன்பே எழுதி வைத்தார். கிருமியை விரட்டவும் கிழிந்த சதையைச் சரிசெய்யவும் உடம்பு இரத்தத்தையும் வெள்ளை அணுக்களையும் அங்கே அனுப்புகிறது. அந்தப் பரபரப்புதான் அழற்சி. அது இல்லாவிட்டால் புண்ணே ஆறாது.

வேலை முடிந்த பிறகும் கலையாத அழற்சிதான் தொல்லை. முடக்குவாதத்தில் உடம்பு தன் மூட்டையே எதிரி என்று நினைத்து அடிக்கிறது. கௌட் நோயில் யூரிக் அமிலத்தின் ஊசிப் படிகங்கள் மூட்டுக்குள் உட்கார்ந்து கிளறுகின்றன. முழங்கால் தேய்மானத்திலும் இலேசான அழற்சி உண்டு. மூன்றும் வெளியே ஒரே மாதிரி வலிப்பதால் நம் ஆட்கள் மூன்றுக்கும் ஒரே மருந்தைத் தேடுகிறார்கள். பாதிக் குழப்பம் அங்கேயே தொடங்கிவிடுகிறது.

செடிக்கு நம்ம மூட்டுவலி எப்படித் தெரியும்? அது எப்படி உள்ள போய் வேலை செய்யுது?

செடிக்கு நம்மைப் பற்றிக் கவலையே இல்லை. தன்னைத் தின்ன வரும் பூச்சிக்கும் பூஞ்சைக்கும் எதிராக அது சில ரசாயனங்களைச் செய்துகொள்கிறது. அவற்றில் சில, நம் உடம்பில் இருக்கும் பூட்டுகளில் தற்செயலாகப் பொருந்திவிடுகின்றன.

முக்கியமான பூட்டுகள் மூன்று. நம் செல்களின் சவ்வில் உள்ள கொழுப்பிலிருந்து அராகிடோனிக் அமிலம் என்று ஒன்று பிரியும். காக்ஸ் என்ற நொதி அதை எடுத்து, வலியையும் வீக்கத்தையும் கிளப்பும் புரோஸ்டாகிளாண்டினாக மாற்றும். லாக்ஸ் என்ற இன்னொரு நொதி அதையே லியூகோட்ரையீனாக மாற்றும். மூன்றாவது என்எஃப் கப்பா பி. இது செல்லுக்குள் இருக்கும் மெயின் சுவிட்ச் மாதிரி, போட்டால் அழற்சிக்கான மரபணுக்கள் வரிசையாக எரியும். மஞ்சளின் குர்குமினும் நிலவேம்பின் ஆண்ட்ரோகிராஃபோலைடும் இந்தச் சுவிட்சின் மேல் கை வைக்கின்றன. குந்திரிக்கத்தின் பாஸ்வெல்லிக் அமிலங்கள் லாக்ஸைத் தடுக்கின்றன.

ஆஸ்பிரினின் கதையும் இதுதான். வில்லோ மரப்பட்டை காய்ச்சலைக் குறைக்கிறது என்று எட்வர்ட் ஸ்டோன் என்ற இங்கிலாந்துப் பாதிரியார் 1763ல் எழுதினார். 1897ல் பேயர் நிறுவனத்தில் ஆஸ்பிரினைச் சுத்தமாகச் செய்தார்கள். அது புரோஸ்டாகிளாண்டின் உருவாவதைத் தடுத்தே வேலை செய்கிறது என்று ஜான் வேன் 1971ல்தான் கண்டுபிடித்தார், அதற்கு 1982ல் நோபல் பரிசு. இன்னொரு விஷயம்: வயிற்றின் உட்சுவரைக் காப்பதும் கிட்னிக்கு இரத்த ஓட்டம் குறையாமல் பார்ப்பதும் அதே புரோஸ்டாகிளாண்டின்தான். பூட்டு ஒன்று என்றால் சாவி செடியிலிருந்து வந்தாலும் தொழிற்சாலையிலிருந்து வந்தாலும் திறப்பது ஒரே கதவைத்தான். கீழே பல பதில்கள் இதில்தான் வந்து நிற்கும்.

எங்க அம்மா 50 வருஷமா குழம்புல மஞ்சள் போட்டாங்க. அவங்களுக்கும் முட்டிவலி வந்துச்சே?

கணக்குப் போட்டுப் பார்ப்போம். மஞ்சள் தூளில் குர்குமினும் அதன் சொந்தக்காரர்களும் சேர்ந்து நூற்றுக்குச் சுமார் 3 பங்கு. குழம்புக்கு அரைத் தேக்கரண்டி, அதாவது ஒன்றரை கிராம் தூள் என்றால் உள்ளே இருப்பது 45 மில்லிகிராம். நாலு பேர் சாப்பிட்டால் தலைக்கு 11. முழங்கால் வலிக்கு ஆராய்ச்சிகளில் கொடுத்துப் பார்த்ததோ ஒரு நாளைக்கு 1,500 மில்லிகிராம்.

அதோடு குர்குமின் தண்ணீரில் கரையாது. கொஞ்சம் உள்ளே போனதும் குடல் சுவரும் கல்லீரலும் அதன் மேல் ஒரு சர்க்கரைத் துண்டை ஒட்டி வெளியே அனுப்பிவிடும். ஒரே நாளில் 8 கிராம் விழுங்கியவர்களின் இரத்தத்தில்கூடச் சராசரியாக 2 மைக்ரோமோலை (கரைசலின் செறிவைச் சொல்லும் அளவு அது) தொடவில்லை. ஆய்வுக்கூடத்தில் செல்களின் மேல் ஊற்றி "அழற்சி குறைந்தது" என்று எழுதும்போது 10, 20, 50 என்று ஊற்றுகிறார்கள். அம்மா மஞ்சள் போட்டது நிறத்துக்கும் மணத்துக்கும், மீன் கவிச்சி போகவும். அந்த வேலையை அது ஒழுங்காகச் செய்தது.

மிளகு சேர்த்தா 20 மடங்கு ஏறும்னு சொல்றாங்க. உண்மையா, கடைக்காரன் கதையா?

உண்மைதான். பெங்களூரில் நடந்து 1998ல் வெளிவந்த ஆய்வு. 2 கிராம் குர்குமினோடு மிளகின் பைப்பரினை 20 மில்லிகிராம் சேர்த்துக் கொடுத்தபோது உடம்பில் சேர்ந்த அளவு 20 மடங்கு ஆனது. ஆனால் மிகச் சிறிய ஒன்றின் 20 மடங்கு என்பதையும் மறக்கக் கூடாது.

பைப்பரின் எப்படி இதைச் செய்கிறது என்பதுதான் கவனிக்க வேண்டியது. மேலே சொன்ன, சர்க்கரைத் துண்டை ஒட்டும் கல்லீரல் வேலையாட்களையும், மருந்துகளை உடைக்கும் வேறு சில வேலையாட்களையும் அது கட்டிப்போடுகிறது. அவர்கள் குர்குமினுக்கு மட்டும் வேலை செய்கிறவர்கள் இல்லையே! வலிப்புக்குக் கொடுக்கும் ஃபெனிட்டாயின், ஆஸ்துமாவுக்கான தியோஃபிலின், பிரஷருக்கான புரோப்ரனோலால் இவையும் இரத்தத்தில் ஏறும். மிளகு ரசம் குடிப்பதற்கெல்லாம் பயப்பட வேண்டாம். பைப்பரின் சேர்த்த மாத்திரையைத் தினமும் எடுக்கப் போகிறீர்கள் என்றால் மட்டும் மற்ற மருந்துகளின் பட்டியலைக் காட்டுங்கள்.

சரி, சுத்தி வளைக்காம சொல்லுங்க. மஞ்சள் மாத்திரை வாங்கலாமா வேணாமா?

முழங்கால் தேய்மானத்துக்கு ஓரளவு பலன் உண்டு. தாய்லாந்தில் 2014ல் வெளிவந்த ஆய்வில் 367 பேருக்கு நாலு வாரம், ஒரு பாதிக்கு மஞ்சள் சாறு 1,500 மில்லிகிராம், மறுபாதிக்கு இபுபுரூஃபன் என்ற வலி மாத்திரை 1,200 மில்லிகிராம் கொடுத்தார்கள். வலி குறைந்ததில் மஞ்சள் பின்தங்கவில்லை, வயிற்றுத் தொல்லையும் குறைவு. இது எலியில்லை, மனிதர்கள். அதனால் நான் மதிக்கிறேன்.

மறுபக்கமும் இருக்கிறது. குர்குமின் தானாகவே ஒளிரும், கண்டதோடெல்லாம் ஒட்டும். அதனால் ஆய்வுக்கூடச் சோதனைகளில் வேலை செய்யாமலேயே வேலை செய்த மாதிரி காட்டும் என்று 2017ல் வேதியியலாளர்கள் விரிவாக எழுதினார்கள். அமெரிக்காவில் ஒரு பெரிய ஆய்வாளரின் குர்குமின் கட்டுரைகள் பல, படங்களில் கோளாறு இருந்ததால் திரும்பப் பெறப்பட்டன. ஆக "ஆயிரம் ஆய்வுகள் சொல்கின்றன" என்ற விளம்பரத்தை நம்பாதீர்கள்.

தேய்மானம் மட்டும் இருந்து, கல்லீரல் நன்றாக இருந்து, வேறு மருந்து எதுவும் இல்லையென்றால் ஒரு மாதம் எடுத்துப் பாருங்கள் என்பேன். மாடிப்படி ஏறும்போது வலி எவ்வளவு என்று பத்துக்கு மார்க் போட்டு நாட்காட்டியில் எழுதுங்கள். மாதக் கடைசியில் மார்க் மாறவில்லை என்றால் காசை மிச்சப்படுத்துங்கள். முடக்குவாதக்காரர்கள் டாக்டர் கொடுத்த மெத்தோட்ரெக்சேட்டை நிறுத்திவிட்டு மஞ்சளுக்கு மாறவே கூடாது. வலி அடங்கினாலும் உள்ளே எலும்பு அரிப்பது நிற்காது, விரல் கோணிய பிறகு நிமிர்த்த முடியாது.

இஞ்சி நல்லதா, சுக்கு நல்லதா?

"சுக்குக்கு மிஞ்சிய மருந்துமில்லை, சுப்பிரமணியருக்கு மிஞ்சிய சாமியுமில்லை" என்று தைப்பூச ஊரில் உட்கார்ந்துகொண்டு நான் என்ன மாற்றிச் சொல்வது! வேதியியலும் கொஞ்சம் சுக்கின் பக்கம்தான். பச்சை இஞ்சியின் காரம் ஜிஞ்சரால். காயவைக்கும்போதும் சூடுபடுத்தும்போதும் அது ஒரு தண்ணீர் மூலக்கூறை இழந்து ஷோகாலாக மாறும். ஷோகாலுக்குக் காரமும் அதிகம், ஆய்வுக்கூடத்தில் அழற்சியைக் குறைக்கும் வேகமும் அதிகம். மனிதர்களின் முழங்கால் வலியில் பலன் சிறியது. குமட்டலுக்குத்தான் இஞ்சிக்கு உறுதியான ஆதாரம்.

முடக்கத்தான் கீரை மூட்டுவலிய குணமாக்கும்னு ஆராய்ச்சியில நிரூபிச்சிட்டாங்கன்னு வாட்ஸ்அப்புல வந்துச்சே?

எந்த ஆராய்ச்சி என்று பாருங்கள். பெரும்பாலும் எலியின் பாதமாக இருக்கும். கடற்பாசியிலிருந்து எடுக்கும் கராஜீனன் என்ற பொருளை எலியின் பாதத்தில் ஊசி போட்டு வீங்கவைப்பார்கள். முன்னாலேயே மூலிகைச் சாறு கொடுத்த எலிக்கு வீக்கம் எவ்வளவு குறைவு என்று சில மணி நேரம் அளப்பார்கள். 1962லிருந்து இதே முறை. மருந்தைத் தேடும் முதல் படிக்கு நல்ல முறைதான். ஆனால் மூன்று மணி நேர எலி வீக்கமும் பத்து வருஷ மனித முட்டியும் ஒன்றில்லை.

அளவையும் பாருங்கள். எலிக்குக் கிலோவுக்கு 200 மில்லிகிராம் சாறு கொடுத்தார்கள் என்று வையுங்கள். எலி அளவை மனித அளவாக்க 6.2 ஆல் வகுப்பது வழக்கம். 60 கிலோ ஆளுக்குக் கிட்டத்தட்ட 2 கிராம் சாறு வரும். காய்ந்த இலையில் பத்தில் ஒரு பங்குதான் சாறாக இறங்கும் என்றால் 20 கிராம் காய்ந்த இலை வேண்டும், பச்சையாக என்றால் இன்னும் பல மடங்கு, அதுவும் தினமும். இரண்டு முடக்கத்தான் தோசையில் அது வராது. தோசை அருமையாக இருக்கும், சாப்பிடுங்கள், நானும் வீட்டு வேலியில் படரவிட்டிருக்கிறேன். மருந்து என்ற பெயரை மட்டும் அதன் மேல் ஏற்றாதீர்கள்.

வல்லாரை, உலாம் இலையெல்லாம்?

உலாம் என்றால் மலாய்க்காரர்கள் சோற்றோடு பச்சையாகத் தின்னும் இலைகள். சாப்பாடாகத் தாராளமாக. வல்லாரையின் ஏசியாட்டிகோசைடு புண் ஆறுவதற்குக் களிம்பில் உதவுகிறது. பாசாரில் வாங்கியதை நன்றாகக் கழுவுங்கள், ஈர நிலத்தில் படரும் கீரை அது.

டெங்கி காய்ச்சலுக்கு நிலவேம்பு கொடுக்கலாமா? மலாய்க்காரங்க ஹெம்பெடு பூமின்னு அதத்தான் குடிக்கிறாங்க.

இரண்டும் ஒரே செடிதான். சளி, தொண்டைவலி போன்ற மேல் மூச்சுப்பாதைத் தொல்லைகளுக்கு நிலவேம்பில் ஓரளவு மனித ஆய்வு உண்டு. சிலருக்கு ஒவ்வாமை வரும், பிரஷரும் இறங்கலாம்.

டெங்கியில் நான் ரொம்பக் கறாராக இருப்பேன். ஆளைக் கொல்வது இரத்தக் குழாயிலிருந்து நீர் கசிந்து பிரஷர் சரிவது. அதுவும் காய்ச்சல் விட்ட பிறகு, "அப்பாடா" என்று நினைக்கும் நேரத்தில் வரும். ஆஸ்பிரின், இபுபுரூஃபன், டைக்ளோஃபினாக் போன்ற வலி மாத்திரைகள் கூடாது, இரத்தக் கசிவு கூடும். பாராசிட்டமால் மட்டும். பப்பாளி இலைச் சாறு குடித்தவர்களுக்குப் பிளேட்லெட் வேகமாக ஏறியதாக நம் நாட்டிலேயே 2013ல் ஆய்வு வந்தது, ஆனால் பிளேட்லெட் ஏறுவதும் கசிவு நிற்பதும் வேறு வேறு. கசப்புத் தண்ணீர் குடித்துக்கொண்டு கிளினிக்குக்குப் போகாமல் இருப்பதுதான் எனக்குப் பயம்.

இயற்கைதானே அக்கா, பக்கவிளைவு எப்படி வரும்?

இந்தக் கேள்விதான் எல்லாவற்றிலும் அதிகம். வேலை செய்கிறது என்றும் சொல்வீர்கள், ஒன்றும் செய்யாது என்றும் சொல்வீர்கள். இரண்டில் ஒன்றுதான் இருக்க முடியும்.

செங்காந்தளை எடுத்துக்கொள்ளுங்கள், தமிழ்நாட்டின் மாநில மலர். அதன் கிழங்கிலும் விதையிலும் கொல்சிசின் இருக்கிறது. கௌட் நோய்க்கு டாக்டர் எழுதிக் கொடுக்கும் அதே கொல்சிசின்தான். திண்டுக்கல், திருப்பூர்ப் பக்கம் விதைக்காகவே பயிரிடுகிறார்கள். 2023ல் அமெரிக்க மருந்து நிர்வாகம் இதை 0.5 மில்லிகிராம் அளவில் மாரடைப்பு ஆபத்தைக் குறைக்கவும் அனுமதித்தது, ஏனென்றால் இதயக் குழாய் அடைப்பிலும் அழற்சிக்குப் பங்கு உண்டு. செடியிலிருந்து வந்த அழற்சி மருந்துகளில் இதைவிடச் சுத்தமான வெற்றி எனக்குத் தெரிந்து இல்லை. அதே கிழங்கை வள்ளிக்கிழங்கு என்று நினைத்து வேகவைத்துத் தின்றவர்கள் செத்திருக்கிறார்கள். வேகவைத்தாலும் விஷம் போகாது.

ஆடுதின்னாப்பாளை, ஈஸ்வரமூலி என்று நம் மருத்துவத்தில் பேர்போன செடிகளில் அரிஸ்டோலோக்கிக் அமிலம் இருக்கிறது. அது கிட்னியைக் கெடுக்கும், புற்றுநோயும் தரும். பெல்ஜியத்தில் 1990களின் தொடக்கத்தில் உடம்பு மெலிய மூலிகை மாத்திரை எடுத்த பெண்கள் நூறு பேர் அளவில் கிட்னி கெட்டுப்போனார்கள், இந்த அமிலத்தால்தான். மலேசியாவில் இந்த வகைச் செடியைப் பதிவு பெற்ற மருந்தில் சேர்க்கவே அனுமதியில்லை. மஞ்சளும் தப்பவில்லை: எளிதில் உடம்பில் சேரும்படி செய்த மஞ்சள் மாத்திரைகளால் இத்தாலி, ஆஸ்திரேலியா, அமெரிக்கா மூன்றிலும் கல்லீரல் பாதிப்புகள் பதிவாகியிருக்கின்றன. உடம்பில் சேராத வரை சாதுவாக இருந்தது, சேரவைத்ததும் மருந்தாகிவிட்டது. மூத்திரம் கறுத்தாலோ கண் மஞ்சளித்தாலோ அன்றே நிறுத்திவிட்டு டாக்டரிடம் போக வேண்டும்.

பசார் மாலாம்ல, அதான் ராத்திரிச் சந்தையில, ஒரு ஜாமு வாங்கினேன். ரெண்டே நாள்ல வலி பறந்துடுச்சு! அது நல்ல மூலிகைதானே?

ரெண்டே நாளில் என்று நீங்கள் சொன்னதுமே எனக்கு வயிறு கலங்கும். மூலிகை எதுவும் நாள்பட்ட மூட்டுவலியை இரண்டு நாளில் விரட்டாது. மேலே சொன்ன தாய்லாந்து ஆய்வையே நாலு வாரம் ஓட்டித்தான் பார்த்தார்கள். இரண்டு நாளில் விரட்டுவது ஸ்டீராய்டு. மூட்டுவலிக்கு விற்கும் ஜாமு, மாஜுன் போன்ற நாட்டு மூலிகை மருந்துகளில் டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டும் டைக்ளோஃபினாக்கும் கலந்திருப்பதை என்பிஆர்ஏ, அதாவது நம் தேசிய மருந்து ஒழுங்குமுறைப் பிரிவு, திரும்பத் திரும்பப் பிடித்து அறிவிக்கிறது. பெயர் மாறும், டப்பா மாறும், உள்ளே அதே சரக்கு.

பட்டர்வொர்த்திலிருந்து ஃபெரியில் வந்துபோகும் ஓர் அம்மா இருந்தார். முழங்கால் வலிக்காக வாராவாரம் மாத்திரை வாங்குகிறவர், திடீரென்று வருவதை நிறுத்திவிட்டார். எட்டு மாதம் கழித்து வந்தபோது அடையாளமே தெரியவில்லை. முகம் நிலா மாதிரி உருண்டிருந்தது, கை கால் குச்சி, தொட்டால் தோலில் கன்றிய கறை. "வலியே இல்லம்மா, பசியும் நல்லா எடுக்குது, சக்கரதான் ஏறிக்கிட்டே போகுது" என்றார். பையிலிருந்து ஒரு ஜாமு பாட்டிலை எடுத்துக் காட்டினார். பதிவு எண் அச்சடித்திருந்தது, தேடினால் அது ஒரு இருமல் மருந்தின் எண். வாங்கின தட்டுக்கடை அடுத்த வாரம் அங்கே இல்லை.

இங்கேதான் முக்கியமான எச்சரிக்கை. இப்படி மாதக்கணக்கில் சாப்பிட்டிருந்தால் பயந்துபோய் சட்டென்று நிறுத்தாதீர்கள். வெளியிலிருந்து ஸ்டீராய்டு வந்துகொண்டிருந்ததால் உங்கள் அட்ரினல் சுரப்பி தூங்கிப்போயிருக்கும். திடீரென்று நிறுத்தினால் வாந்தி, மயக்கம், பிரஷர் சரிவு, உயிருக்கே ஆபத்து. பாட்டிலோடு அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள், டாக்டர் சிறுகச் சிறுகக் குறைப்பார். அந்த அம்மாவுக்கும் அப்படித்தான் குறைத்தார்கள், பல மாதம் பிடித்தது.

அப்போ நல்ல பாட்டில எப்படிக் கண்டுபிடிக்கிறது?

லேபிளில் எம், ஏ, எல் என்று மூன்று எழுத்தும் பின்னால் 8 இலக்கமும் இருக்கும். கடைசியில் டி (T) என்று இருந்தால் பாரம்பரிய மருந்து, என் (N) என்று இருந்தால் சத்து மாத்திரை. எண் இருந்தால் மட்டும் போதாது என்பதைப் பட்டர்வொர்த் அம்மா கதையில் பார்த்தீர்கள். அதை என்பிஆர்ஏ தளத்தில் தட்டி, வருகிற பெயரும் டப்பாவில் உள்ள பெயரும் ஒன்றா என்று பாருங்கள். பாதுகாப்பு ஹாலோகிராம் ஸ்டிக்கரும் ஒட்டியிருக்க வேண்டும். பேரப்பிள்ளையிடம் போனைக் கொடுத்தால் ஒரு நிமிஷ வேலை.

டி என்ற எழுத்தின் பொருளையும் தெரிந்துகொள்ளுங்கள். ஈயம், ஆர்சனிக், பாதரசம், கிருமிகள் வரம்புக்குள் இருக்கின்றன, கள்ள மருந்து கலக்கவில்லை என்று பார்த்திருக்கிறார்கள். நோயைக் குணமாக்கும் என்று நிரூபித்ததாக அதற்கு அர்த்தமில்லை. "பாரம்பரியமாக இதற்குப் பயன்படுத்தப்படுகிறது" என்று போட்டிருப்பார்கள், அவ்வளவுதான்.

ஊர்ல வைத்தியர் கொடுத்தது, சூட்கேஸ்ல கொண்டு வந்தேன். அதுல ஒண்ணும் இருக்காதே?

மேலே சொன்ன எந்தச் சோதனையும் அதற்கு நடக்கவில்லை. வைத்தியர் நல்லவராகவே இருக்கட்டும், பற்பம், செந்தூரம் என்றால் பெரும்பாலும் உள்ளே உலோகம் இருக்கும். பெயர் எழுதாத பொட்டலமாக இருந்தால் எனக்கு ஒரு வழியும் இல்லை, சாப்பிட வேண்டாம் என்றுதான் சொல்வேன். சித்த வைத்தியம் பார்க்கத்தான் வேண்டும் என்றால் இங்கேயே 2016 பாரம்பரிய, துணை மருத்துவச் சட்டத்தின் கீழ் பதிந்தவரிடம் போங்கள். கப்பளா பத்தாஸ் அரசாங்க ஆஸ்பத்திரியில் 2007லேயே பாரம்பரிய மருத்துவப் பிரிவு தொடங்கினார்கள், ஆக இது ஒளித்துச் செய்ய வேண்டிய விஷயமே இல்லை.

எனக்கு சக்கரை, பிரஷர், கிட்னியும் கொஞ்சம் வீக்கு. எத சாப்பிடலாம்?

நம் ஆட்களில் இந்த மூன்றும் சேர்ந்துதான் வருகின்றன. 2019 தேசிய சுகாதாரக் கணக்கெடுப்பில் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு, இந்தியர்களிடம் அதைவிடவும் அதிகம். கிட்னி பலவீனம் என்றால் நீங்களாகவே எந்த அழற்சி மருந்தும் எடுக்கக் கூடாது, கடை மாத்திரையும் சரி, மூலிகையும் சரி. காரணம் இரண்டாம் பதிலில் இருக்கிறது. மஞ்சளில் ஆக்ஸலேட் உண்டு, அதிக அளவில் எடுத்தால் கல் உண்டாகிறவர்களுக்கு ஆகாது. கிட்னிக்கு நல்லது என்று எல்லாரும் குடிக்கும் பூனைமீசை இலையில் பொட்டாசியம் நிறைய. நல்ல கிட்னி வெளியே தள்ளிவிடும், கெட்ட கிட்னி தேக்கி வைக்கும், இதயத் துடிப்பு தடுமாறும்.

இரத்தம் கட்டாமல் இருக்க வார்ஃபரின் எடுப்பவர்களுக்கு இன்னும் கண்டிப்பு. நியூசிலாந்தில் மஞ்சள் மாத்திரை தொடங்கிய ஒருவருக்கு ஐஎன்ஆர் 10ஐத் தாண்டியதாக அந்நாட்டு மருந்துப் பாதுகாப்புத் துறை 2018ல் எச்சரித்தது. இரத்தம் உறைய எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று காட்டும் எண் அது, வார்ஃபரின் எடுப்பவர்களுக்கு வழக்கமாக 2க்கும் 3க்கும் நடுவில் இருக்க வேண்டும்.

உள்ளுக்கு வேணாம், தைலம் தேய்ச்சுக்கிறேன். அதுல என்ன இருக்கு?

வெளிப்பூச்சு பொதுவாக நல்ல யோசனை, முழங்காலுக்கு முதலில் அதைத்தான் சொல்வேன். மிளகாயின் கேப்சைசின் களிம்புக்கு நல்ல ஆதாரம் உண்டு. வலி நரம்பின் நுனியில் சூட்டை உணரும் ஒரு வாசல் இருக்கிறது, கேப்சைசின் அதைத் திரும்பத் திரும்பத் தட்டிக் களைப்படைய வைக்கிறது. அந்த வாசலைக் கண்டுபிடித்த டேவிட் ஜூலியஸுக்கு 2021ல் நோபல் பரிசு கிடைத்தது. முதல் வாரம் எரியும், பொறுக்க வேண்டும். தடவிய கையைக் கண்ணில் வைத்தால் பிறகு என்னைத் திட்டக் கூடாது.

பாலிக் புலாவ் ஜாதிக்காய் எண்ணெயைத் தேய்த்தால் சூடு பரவும், சுகமாக இருக்கும். உள்ளுக்கு மட்டும் அள்ளிப் போடாதீர்கள், ஜாதிக்காய் அளவு மீறினால் மனப்பிராந்தி வரும்.

எனக்குக் கவலை தருவது பச்சை நிறத் தைல பாட்டில்களில் உள்ள மெத்தில் சாலிசிலேட், விண்டர்கிரீன் எண்ணெய். ஆஸ்பிரினின் நெருங்கிய உறவு அது. சுத்தமான எண்ணெய் ஒரு தேக்கரண்டி, 5 மில்லி, சுமார் 7 கிராம் ஆஸ்பிரினுக்குச் சமம். சின்னக் குழந்தை குடித்தால் உயிர் போகும். மேல் அலமாரியில் வையுங்கள். குடித்துவிட்டால் வாந்தி எடுக்கவைக்காமல் நேரே ஆஸ்பத்திரி. தேசிய நச்சு மையம் நம் பினாங்கு மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்திலேயே இருக்கிறது, டாக்டர்கள் அங்கேதான் கேட்பார்கள். வார்ஃபரின் எடுப்பவர்கள் இதைத் தினமும் காலெல்லாம் தேய்த்தால் தோல் வழியாகவே போய் ஐஎன்ஆரை ஏற்றும்.

ஆபரேஷன் வருது, நிறுத்தணுமா? பிள்ளத்தாச்சி சாப்பிடலாமா?

ஆபரேஷனுக்கு இரண்டு வாரம் முன்பே மூலிகை மாத்திரைகளை நிறுத்திவிட்டு, நிறுத்தியதையும் மயக்க மருந்து டாக்டரிடம் சொல்லுங்கள். பிள்ளைத்தாச்சிக்குச் சமையல் அளவில் மஞ்சளும் இஞ்சியும் சரி, மாத்திரையாக வேண்டாம்.

டாக்டர்கிட்ட சொன்னா திட்டுவாரே அக்கா?

சிலர் திட்டத்தான் செய்வார்கள், பொய் சொல்ல மாட்டேன். நான் இருந்த மேசைக்கு இந்தப் பக்கமிருந்தும் ஆட்களைத் திட்டியிருக்கிறேன், அதற்காக இப்போது வெட்கப்படுகிறேன். திட்டினால் அடுத்த தடவை அவர்கள் சாப்பிடுவதை நிறுத்துவதில்லை, சொல்வதைத்தான் நிறுத்துகிறார்கள்.

இப்படிச் செய்யுங்கள். "மூலிகை சாப்பிடலாமா டாக்டர்?" என்று பொதுவாகக் கேட்காதீர்கள், "வேண்டாம்" என்று ஒரு வார்த்தைதான் வரும். பாட்டிலையே எடுத்துப்போய் மேசையில் வையுங்கள். எந்தத் தேதியில் தொடங்கினீர்கள், ஒரு நாளைக்கு எத்தனை, தொடங்கியபின் என்ன மாறியது என்று ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். "இதைத் தொடர்ந்தால் என் கிட்னியையும் கல்லீரலையும் எப்போது இரத்தச் சோதனையில் பார்க்கலாம்?" என்று கேளுங்கள். இந்தக் கேள்விக்கு ஒரு தேதியைத்தான் பதிலாகச் சொல்ல முடியும். கிளினிக்கில் நேரமில்லை என்றால் மருந்து கொடுக்கும் கவுன்டரில் பார்மசிஸ்டைக் கேளுங்கள். காலை பத்து மணிக்குக் கூட்டம், மதியம் மூன்று மணிக்குப் போனால் நின்று பேசுவார்கள்.